முதலில் சிரித்தது யார்?

— இது தெரியாம சிந்துன காபி இல்லண்ணே.

— இல்ல கஞ்சி, தெரியாமத்தான் சிந்துச்சு. சத்தியமா.

— சத்தியம் பண்ணாதீங்க, அது தனிப் பாவம். தெரியாம சிந்துனா சொட்டுச் சொட்டா இருக்கும், இல்லன்னா மடியில குளம் கட்டும். இது கழுத்துலயிருந்து கால் வரைக்கும் ஒரே நேரா இறங்கியிருக்கு. அங்கியை ஆணியில மாட்டிட்டு, யாரோ நின்னு நிதானமா ஊத்தியிருக்காங்க.

— அப்படியா சொல்றே?

— அதுவும் யாரோட அங்கி? மத்தவங்க அங்கியெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு. என்னோடது மட்டும் காபியில குளிச்சிருக்கு. மூணு மாசமா ஆணியில தொங்குற அங்கி தானா எந்திரிச்சுப் போய்க் காபி குடிச்சுதா?

— சரி விடு. நான்தான் ஊத்துனேன். சும்மா வந்தா நீ கதவைச் சாத்திருவே. துணியோட வந்தா வியாபாரம், தொரத்த மாட்டேன்னு ஒரு கணக்கு.

— லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷனுக்குப் புத்தி போற போக்கைப் பாரு! அதுவும் சர்ச்சுல கைமணிக் குழுத் தலைவர்!

— ஆறின காபியாப் பாத்துத்தான் ஊத்துனேன்.

— ரொம்பப் பெரிய மனசு. மூட்டையை அந்த மேசையில வைங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கலாம். கெளம்புங்க.

— கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேனே. வெளியில வெயில் மண்டையைப் பொளக்குது. இங்க இந்த இஸ்திரிப்பெட்டி புஸ்ஸு புஸ்ஸுன்னு சொல்றது கேக்க இதமா இருக்கு.

— உக்காருங்க. ஆனா ரெண்டு விஷயம். இங்க என்னைக் கஞ்சின்னு கூப்பிடக்கூடாது, இது என் கடை, நான் முதலாளி. உங்க அங்கிக்கெல்லாம் மொடமொடன்னு கஞ்சி போட்டுக் குடுத்த பாவத்துக்கு அந்தப் பேரை வெச்சீங்க. ரெண்டாவது, சபைப் பேச்சை எடுக்கக்கூடாது. எடுத்தா இந்தப் புஸ்ஸு உங்க பக்கம் திரும்பும்.

— எடுக்க மாட்டேன். சபைன்னு ஒரு வார்த்தை என் வாயில வராது. ஆமா, பாஸ்டர் உன்னை ரொம்ப விசாரிச்சாரு.

— அண்ணே!

— பாஸ்டர்னுதானே சொன்னேன்? சபைன்னு சொன்னேனா?

— நான் நல்லா இருக்கேன்னு போய்ச் சொல்லுங்க. காலையில எந்திரிச்சதும் வேதம் வாசிக்கிறேன். மெஷின்ல துணியைப் போட்டுட்டு ஜெபம் பண்றேன். ஞாயித்துக்கிழமை போன்ல பிரசங்கம் கேக்குறேன். ஆண்டவரும் நானும் சௌக்கியமா இருக்கோம். நடுவுல கூட்டம் எதுக்கு?

— போன் பிரசங்கம் நல்லா இருக்கா?

— நம்ம பாஸ்டரை விடப் பிரமாதம். பிடிக்கலன்னா நிறுத்திட்டு வேற ஆளை வெச்சுக்கலாம்.

— அடேயப்பா! சுருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னார்னா ஒரே அமுக்கு, ஆள் காலி.

— பேச்சுல ஊசி ஏத்தாதீங்க.

— ஏத்தல. பொறாமையாத்தான் இருக்கு. நம்ம பாஸ்டருக்கு அப்படி ஒரு பட்டன் இல்லையே.

— கேலி பண்ணுங்க. ஆனா முன்னைக்கு இப்போ நான் எவ்வளவு மாறியிருக்கேன் தெரியுமா? கோபமே வர்றதில்ல. பொறுமை வந்திருக்கு. யாரைப் பத்தியும் புறணி பேசுறதில்ல.

— யார்கிட்ட பேசுவே? இங்க இருக்கறது நீயும் வாஷிங் மெஷினும்.

— அதுக்குன்னு?

— தப்பா நெனைக்காதே, தெரியாமத்தான் கேக்குறேன். பொறுமை வந்திருக்குங்கறியே, யார் மேல?

— அதுன்னா... எல்லார் மேலயும்தான்.

— நம்ம குழுவுல டீச்சர் உன் பக்கத்துல நின்னு மணி அடிப்பாங்களே. தாளம் தப்பி, உன் காலையும் மிதிச்சுட்டு, 'உனக்குத்தான் தப்பிருச்சு'ன்னு உன்னையே சொல்லுவாங்களே. அப்போ நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பே பாரு, அதுக்குப் பேரு பொறுமை. யாரும் மிதிக்காத காலு வலிக்கலைன்னா அதுல என்ன சாமர்த்தியம்?

— டீச்சர் பேச்சை எடுக்காதீங்க. வந்த பொறுமையெல்லாம் போயிரும்.

— பாத்தியா? பேரைச் சொன்னதுக்கே ஆவி பறக்குது.

— அது இஸ்திரிப்பெட்டி ஆவி. நீங்க இப்போ தனிமரம் தோப்பாகாதுன்னு ஆரம்பிக்கப் போறீங்க. தெரியும் எனக்கு.

— இல்ல இல்ல. அதைப் பாஸ்டருக்குன்னு விட்டு வெச்சிருக்கேன். எனக்குத் தெரிஞ்சது லிஃப்ட் மட்டும்தான். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்டுல மாட்டுனவன் என்ன பண்ணுவான்? எல்லா பட்டனையும் மாத்தி மாத்தி அமுக்குவான். கதவை உதைப்பான். உள்ள இருந்துக்கிட்டே அதைச் சரி பண்ணவே முடியாது. வெளியிலயிருந்து ஒருத்தன் வந்தாத்தான் உண்டு.

— அதான் கடப்பாரையோட வந்துட்டீங்களாக்கும், நெம்ப?

— நெம்புறது அப்புறம். 'உள்ள யாராச்சும் இருக்கீங்களா'ன்னு ஒரு கொரல் குடுக்கணும். அதுதான் மொதல் வேலை. பாதி பயம் அதுலயே போயிரும்.

— கொரல் குடுத்தாச்சு. இருக்கேன். கெளம்புறீங்களா?

— இன்னும் ஒண்ணே ஒண்ணு. கோபப்படக்கூடாது.

— சொல்லாமப் போக மாட்டீங்க. சொல்லித் தொலைங்க.

— உன் ரெண்டு கைமணியும் மேசை மேல அப்படியே இருக்கு. தடிச்சது ஒண்ணு, மெலிசு ஒண்ணு. வெள்ளைக் கையுறையை மடிச்சு அதுக்குப் பக்கத்துலயே வெச்சிருக்கோம்.

— யார்கிட்டயாவது குடுத்திருக்கலாமே? அதென்ன என் வீட்டுச் சொத்தா?

— குடுக்கல. ஆளுக்கு ரெண்டு மணி, ரெண்டு சுரம். அந்த ரெண்டும் உன்னோடது.

— அப்போ பாட்டு எப்படி நடக்கும்? ஒரு ஆள் இல்லன்னா ஒரு வரி கூட நகராதே!

— நகருது. நொண்டிக்கிட்டே. உன் இடம் வந்தா பல்லு விழுந்த மாதிரி ஒரு சந்து. மொத வாரம் நாங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டோம். அடுத்த வாரம், நம்ம பேக்கரிக்காரர் இருக்காரே, முன் வரிசையில, அவர் என்ன பண்ணாரு தெரியுமா? அந்தச் சந்து வந்ததும் வாயாலயே 'டொய்ங்'னாரு.

— என்னது?

— டொய்ங். உன் தடிமணி சுரத்துல. கொஞ்சம் கட்டைத் தொண்டையா. அடுத்த சந்துக்கு அவர் வீட்டம்மா சேந்துக்கிட்டாங்க. அப்புறம் அந்த வரிசை மொத்தமும். இப்போ சபையே உன் இடம் எப்ப வரும்னு காத்துக்கிட்டு நிக்குது. தடிமணிக்கு ஆம்பளைங்க 'டொய்ங்', மெலிசு மணிக்குப் பொம்பளைங்க 'டிங்'.

— கேலி பண்றாங்களா? அன்னிக்கிச் சிரிச்சது பத்தாதுன்னு இப்போ வாராவாரம் வேறயா?

— கேலின்னா ஒரு வாரம் பண்ணுவாங்க, ரெண்டு வாரம் பண்ணுவாங்க. மூணு மாசம் யாராவது கேலிக்காகத் தாளம் எண்ணிக்கிட்டு நிப்பாங்களா? 'என் பிரசங்கத்தைக் கவனிக்காதவங்க இங்க நெறையப் பேரு. ஆனா அந்த அம்மா இடத்தைக் கவனிக்காதவங்க ஒருத்தர் இல்ல'ன்னு பாஸ்டரே சொல்லிட்டாரு.

— பாஸ்டர் கூடவா டொய்ங்?

— அவர் எப்பவும் ஒரு அடி முந்திருவாரு. ஆளு ஞானி, ஆனா தாளம் மட்டும் வரவே வராது.

— அடக் கடவுளே!

— சிரிக்கிறே.

— இல்ல.

— ஒதட்டோரத்துல தெரியுதே.

— ஆவி பட்டுச்சு. சும்மா இருங்க, காலர் மடங்கப் போகுது.

— நீ வீட்டுல தனியா அந்தப் பாட்டை வாசிச்சுப் பாத்தியா?

— அதை ஏன் கேக்குறீங்க. ஒருநாள் மனசு கேக்கல. ரெண்டு தம்ளர்ல தண்ணி ஊத்தி, ஸ்பூனால என் ரெண்டு சுரத்தை மட்டும் தட்டித் தட்டிப் பாத்தேன். மேல் வீட்டுக் கொழந்தைங்க ஐஸ்காரன் வந்துட்டான்னு தடதடன்னு இறங்கி வந்துருச்சுங்க.

— ஹா ஹா! ஐஸ் குடுத்தியா?

— கடைக்குப் போய் வாங்கிக் குடுத்துத்தான் அனுப்புனேன். ஏமாத்தக் கூடாதில்ல. சிரிக்காதீங்க. சிரிப்பைக் கேட்டாலே எனக்கு அன்னிக்கு ஞாபகம்தான் வருது.

— இன்னுமா அதை மனசுல வெச்சிருக்கே?

— நீங்க மறந்திருக்கலாம். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க பாப்போம்.

— என்னத்த நடந்துச்சு. பாட்டு முடிஞ்சுது. மணியை எல்லாம் தோள்ல சாய்ச்சு ஓசையை அடக்குனோம். பாஸ்டர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாரு. மௌன ஜெபம்.

— யாருக்காக?

— விடேன்.

— யாருக்காகன்னு சொல்லுங்கண்ணே.

— என் பையனுக்காக. அவன் போய் ரெண்டு வருஷம் ஆன நாளு.

— ஆமா. உங்க புள்ளைக்காக சபையே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அண்ணி கடைசி வரிசையில நிக்கிறாங்க. நான் முந்தின நாள் பூரா ஒரு கல்யாண வீட்டு மேசைவிரிப்பை எல்லாம் வெளுத்துட்டு வந்தவ, நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். நின்னுக்கிட்டே! குதிரையாட்டம்!

— அலுப்பு. யாருக்குத்தான் வராது?

— தூங்குனதோட போயிருந்தாப் பரவாயில்லையே. கை நழுவி மணி அடிச்சுருச்சே. திடுக்குன்னு முழிச்சுப் பாத்து, ஐயோ பாட்டு ஆரம்பிச்சாச்சு, நாமதான் பிந்திட்டோம்னு நெனச்சு அடுத்த கையையும் அடிச்சேன்.

— அதைக் கேட்டு டீச்சர் தன் மணியை அடிச்சாங்க.

— அவங்களைக் கேட்டு அடுத்த ஆளு.

— கண்ணை மூடியிருந்தா காதுல விழுறதுதானே உத்தரவு? எனக்கே கை தானா எந்திரிச்சுருச்சு. நான் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டு நின்னேன்.

— பாஸ்டர் கண்ணைத் திறக்காமலே மொதல் வரியை எடுத்துட்டாரு. சபையும் கூடவே பாட ஆரம்பிச்சுருச்சு. அப்போதான் பின்னாடியிருந்து ஒரு சிரிப்பு. ஒரே ஒரு ஆளு. அப்புறம் அடக்க முடியாம இன்னொருத்தர். அப்புறம் மொத்த சர்ச்சும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது.

— ஆமா. கூரை போயிரும்னு நெனச்சேன்.

— மனுஷங்களாண்ணே அவங்க? என்னைப் பாத்துச் சிரிச்சதுக்கு எனக்கு வருத்தமே இல்ல. தூங்குமூஞ்சியைப் பாத்து சிரிக்காம அழுவாங்களா? ஆனா அது செத்துப்போன புள்ளைக்குன்னு வெச்ச நேரம். பெத்தவ பின்னாடி நிக்கிறா. அந்த நேரத்துல ஒரு வாய் சிரிச்சுதுன்னா, அந்த எடத்துல எனக்கு என்ன வேலை?

— ம்.

— அதைத் தொடங்கி வெச்சதும் நான்தான். அதுதான் என்னை அரிக்குது. அண்ணி பக்கம் திரும்பிப் பாக்கத் தைரியம் இல்லாம பக்கவாட்டுக் கதவு வழியா ஓடி வந்தவதான். இன்னும் நிக்கல ஓட்டம்.

— உன்னைத் தேடிக்கிட்டு அவ கடைசியாத்தான் வெளியில வந்தா.

— தேடியிருப்பாங்க. ரெண்டு வருஷமா வாராவாரம் உங்க வீட்டு வாசல்ல நின்னு அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போனவ நான். பேச மாட்டாங்க, பாட மாட்டாங்க, கண்ணைக் கூட மூட மாட்டாங்க. வந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. 'எனக்கு ஜெபம் வரல, நான் எதுக்கு வரணும்'னு ஒருநாள் கேட்டாங்க.

— நீ என்ன சொன்னே?

— 'நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணி, வந்து நில்லுங்க. உங்களுக்கும் சேத்து நாங்க சொல்லிக்கிறோம்'னேன்.

— பெரிய வார்த்தை அது.

— அப்போ என்னமோ வாயில வந்துச்சு.

— அதையேதானே இப்போ உனக்குப் பண்றாங்க? நீ வரல. உன்னோடதையும் சேத்து அவங்க வாயால சொல்லிக்கிறாங்க. டொய்ங்குன்னு. சபைன்னா வேற என்ன கஞ்சி? ஒருத்தருக்கு முடியாத நேரத்துல மத்தவங்க அந்த எடத்தைக் காலியா விடுறதில்ல.

— சபைன்னு சொல்லிட்டீங்க.

— சொல்லிட்டேன். திருப்பு இஸ்திரிப்பெட்டியை.

— போங்கண்ணே. கண்ணுல தண்ணி வர வெச்சுட்டு.

— அதுவும் ஆவிதானா?

— இல்ல. இது நெஜம். நெஜத்தையே சொல்லிடுறேன். போன்ல பிரசங்கம் பாதி ஓடுறதுக்குள்ள தூங்கிருவேன், எழுப்ப ஆள் இல்ல. ஜெபம்னா என் பேரு, என் மகன் பேரு, கடை, முட்டி வலி, ஆமென். டிரையர்ல போட்ட ஒத்தை சாக்ஸ் மாதிரி என்னையேதான் சுத்திக்கிட்டு இருக்கேன். அங்க வந்தா அப்படி முடியுமா? டீச்சர் வீட்டுக்காரர் சக்கரைக்கும் ஜெபம் பண்ணித்தான் ஆகணும். வேண்டா வெறுப்பா ஆரம்பிப்பேன். ஆமென் சொல்லும்போது பாவம் அந்த அம்மா, தனியா எவ்வளவுதான் பாக்கும்னு மனசு எளகியிருக்கும். மூணு மாசமா என் மனசு யாருக்கும் எளகலண்ணே.

— அப்போ வந்துரு.

— அண்ணி எப்படி இருக்காங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல.

— முன்னைக்கு எவ்வளவோ பரவாயில்ல. டாக்டர் ஒரு புது மாத்திரை எழுதிக் குடுத்தாரு. நல்லா வேலை செய்யுது. ராத்திரி தூங்குறா. சாப்பாட்டுல உப்பு சரியா விழுது. போன வாரம் பையன் ரூமைத் தொறந்து, ஜன்னலைத் தொறந்து, மெத்தையைத் தட்டிப் போட்டா.

— ஆண்டவரே! அந்த ரூமையா? பூட்டுன சாவியை யார் கையிலயும் குடுக்காம வெச்சிருந்தாங்களே!

— அதான். ஒரு மூணு மாசமா இப்படித்தான். அருமையான மாத்திரை.

— எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிக்குது. நல்லா இருக்கட்டும் மகராசி. சரிண்ணே, நான் வர்றேன்.

— வர்றியா? நெஜமாவா?

— ஒரு நிபந்தனை. அன்னிக்கு மொதல்ல சிரிச்ச ஆளு யாரோ, அந்த ஆளு அண்ணி முன்னாடி வந்து நின்னு மன்னிப்புக் கேக்கணும். அதுக்கப்புறம் மணி அடிச்சதுக்கு நானும் கால்ல விழுந்து கேக்குறேன். அந்தப் பாவத்தைக் கழுவாம அங்க நின்னு நான் எப்படி மணி அடிப்பேன்?

— யாருன்னு யாருக்குத் தெரியும்? எல்லார் கண்ணும் மூடியிருந்துச்சு.

— எனக்குத் தெரியும். டீச்சர்.

— டீச்சர் உன் பக்கத்துலயில்ல நின்னாங்க? சிரிப்பு பின்னாடியிருந்து வந்துச்சுன்னு இப்பத்தானே சொன்னே.

— அப்போ அவங்க வீட்டுக்காரர். மனுஷனுக்குச் சிரிக்க நேரம் காலம் கெடையாது.

— அவர் அன்னிக்கு வரவே இல்ல. சக்கரை ஏறிப் படுத்திருந்தாரு.

— அப்போ பேக்கரிக்காரர்!

— அவர் சிரிச்சா ஜன்னல் கண்ணாடி அதிரும். இது சன்னமா இருந்துச்சு. ரொம்ப நாள் பூட்டிக் கெடந்த வீட்டுல கொழாயைத் தொறந்தா மொதல்ல க்ளுக் க்ளுக்னு வருமே, அப்படி. எனக்கே அதைக் கேட்டதும் ஒதடு துடிச்சுருச்சு. பாவம், வீட்டுல அவகிட்ட அதைச் சொல்லல. மூஞ்சியை உர்ருன்னு வெச்சுக்கிட்டுத்தான் போனேன்.

— நீங்களுமா? பெத்த அப்பா நீங்க!

— என்ன பண்ணச் சொல்றே? அவன் இருந்தா 'பாருங்கப்பா'ன்னு என்னைத்தான் மொதல்ல இடிச்சிருப்பான்.

— அதெல்லாம் தெரியாது. அந்த மொதல் ஆளு கேக்கணும். இல்லன்னா என் மணி அந்த மேசையிலயே இருக்கட்டும்.

— விறைப்புக்குன்னே கஞ்சின்னு பேரு வெச்சோம் பாரு. அவளை நேர்ல பாக்கணும்னு உனக்கு ஆசையே இல்லையா?

— ஆசை இருக்கு. பாக்குறதுக்கு மூஞ்சி இல்ல.

— அப்படின்னா ஒண்ணு சொல்றேன், பதறாதே. வெளியில வண்டியில உக்காந்திருக்கா.

— யாரு?

— உன் அண்ணிதான். காலையில அங்கியை எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு இருந்தேன். செருப்பை மாட்டிக்கிட்டு 'நானும் வர்றேன்'னா. எதுக்குன்னு கேக்குறதுக்குள்ள போய் வண்டியில ஏறிட்டா.

— ஐயய்யோ! வந்ததும் சொல்றதுக்கு என்ன? ஷட்டர் முழுசாத் தொறந்து கெடக்கு, நான் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்திக்கிட்டு இருக்கேன்! என்னைத் திட்டத்தான் வந்திருக்காங்க. திட்டட்டும். திட்டுனாக் கூட நல்லதுதான். அண்ணே, என் சேலை சரியா இருக்கா?

— சேலை இருக்கட்டும். வண்டிக் கதவு தொறக்குற சத்தம் கேக்குது.

— இருங்கண்ணே, இந்தப் பெட்டியை இப்படி வெச்சுட்டு வர்றேன்.

— தங்கச்சி.

— அண்ணி! வாங்க, உள்ள வாங்க. அண்ணே, நாற்காலியை விட்டு எந்திரிங்க!

— நான் நின்னுக்கறேன். மூட்டையில இருக்கற அங்கி மேல பெட்டியை வெச்சிட்டியே, பொகையுது பாரு.

— ஐயோ, என் அங்கி! கருகிருச்சே!

— போகட்டும் விடு. காபியும் பாத்தாச்சு, நெருப்பும் பாத்தாச்சு. நீங்க ஏன் முழிக்கிறீங்க? மாத்திரை அருமையான மாத்திரைன்னு இவகிட்ட சொன்னீங்களே, அந்த அட்டையை நான் இன்னும் பிரிக்கவே இல்ல.

— பிரிக்கவே இல்லையா? அப்போ தூக்கம்? அந்த ஜன்னல்? மூணு மாசமா எல்லாம்...

— கொஞ்சம் சும்மா இருங்க, இவகிட்ட பேச வந்திருக்கேன். தங்கச்சி, ஆறேழு வாரமா உன் வீட்டுத் தெருமுனை வரைக்கும் நடந்து வந்து திரும்பிப் போயிருக்கேன். இன்னிக்கித்தான் கால் வந்துச்சு. உள்ள என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தியே, மொதல்ல சிரிச்சவங்க என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு.

— கேட்டே ஆகணும் அண்ணி. உங்க புள்ளைக்குன்னு வெச்ச நேரம் அது.

— அவனுக்குன்னு வெச்ச நேரம்தான். சின்ன வயசுல ஜெபத்துல சிரிச்சுச் சிரிச்சு, என்கிட்ட கிள்ளு வாங்காத வாரம் கெடையாது அவனுக்கு.

— நீங்க பெரிய மனசு பண்ணி விட்டாலும் நான் விட மாட்டேன். யாரா இருந்தாலும் சரி, உங்க முன்னாடி வந்து நிக்கணும்.

— நிக்கலாம் தங்கச்சி. மன்னிப்புக் கேக்குறதுதான் நடக்காது.

— ஏன் அண்ணி நடக்காது?

— மொதல்ல சிரிச்சது நான்தானே. என்கிட்ட நானே எப்படி மன்னிப்புக் கேக்குறது?